வரவும் செலவும், வீட்டுச் சந்தோசமும்

சம்பள நாள் மாலையில் பூண்டுலோயா டவுனைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பஸ் நிற்கும் இடத்தில் கூட்டம், கடை வாசலில் கூட்டம், அடகுக் கடையிலும் கூட்டம். ஒரு தாய் அரிசி, மா, சீனி, பருப்பு என்று கணக்குப் பார்த்துப் பார்த்து வாங்குவார். பக்கத்தில் நிற்கும் பிள்ளை ஒரு பொம்மைக் காரைப் பார்த்துக்கொண்டே நிற்கும். அடுத்த வாரமே, “என்னாங்க, கையில ஒன்னும் இல்லையே” என்ற பேச்சு லயத்துக் காம்பராவில் தொடங்கிவிடும். இது நம்மில் பலருடைய வீட்டுக் கதைதான்.

இந்த இதழில் அந்தக் கதையைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறோம். குறைந்த வரவிலும் ஒரு குடும்பம் நிம்மதியாய் இருக்க முடியுமா? எத்தனையோ வீடுகளில் முடிந்திருக்கிறது. அவர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்று பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சிக்கனமாய் வாழுங்கள் என்று சொன்னால், “அப்ப சம்பளம் இவ்வளவே போதும்னு சொல்றீங்களா?” என்று சிலர் கேட்பார்கள். கேட்பது நியாயம். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. நியாயமான சம்பளத்தைக் கேட்பது தொழிலாளியின் உரிமை. 1984ஆம் ஆண்டு வரை ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம் என்றுதான் இருந்தது. அந்த ஆண்டு வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் இருவருக்கும் சம சம்பளம் கிடைத்தது. 2021 மார்ச் மாதம் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் ஆக்கப்பட்டது. இவை எல்லாம் கேட்டு வாங்கியவை. ஆனால் கேட்டு வாங்கியது நம் வீட்டுக்குள் வந்து நிற்க வேண்டும் அல்லவா? வந்த காசு வந்த வழியே வட்டிக்காரன் கைக்கும் கடைக்கொப்பிக்கும் போய்விட்டால், கூடின சம்பளம் யாருக்குக் கூடியது?

கடனோடு வந்த பரம்பரை

நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டிலிருந்து இந்த மலைக்கு வந்தவர்கள் வரும்போதே கடனோடுதான் வந்தார்கள். வழிச்செலவு, சாப்பாடு, முற்பணம் எல்லாம் கங்காணியின் கணக்கில் ஏறியது. அந்தக் கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. ‘துண்டு’ என்று ஒரு முறை இருந்தது. இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சிறு காகிதம் அது. வேறு தோட்டக்காரர் அந்தக் கடனைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்வார். ஆள் மாறினாலும் கடன் மாறாது. ஆளோடேயே கடனும் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு நடந்து போனது. 1921ஆம் ஆண்டுதான் சட்டம் போட்டு அந்தத் துண்டு முறையை ஒழித்தார்கள்.

வட்டகொடைப் பக்கம் மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. நம் மக்களின் உழைப்பையும் வாழ்க்கையையும் பற்றி அவர் எழுதிய நூல் 1970இல் வெளிவந்தது. பக்கத்து ஊரில் பிறந்த ஒருவர் நம் வாழ்க்கையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னார் என்பது நமக்குப் பெருமை.

துண்டு போய் நூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால் கடன் போகவில்லை. இன்று அது வேறு சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. வாரக்கடன், நுண்கடன், தவணைக்கு டீவி, தவணைக்குப் போன் என்று வருகிறது. அன்று கடன் கங்காணியோடு வந்தது. இன்று மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கே வருகிறது.

வாரக்கடனின் கணக்கு

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு அக்கா 50,000 ரூபாய் கடன் எடுக்கிறார். வாரம் 1300 ரூபாய், 52 வாரம் கட்ட வேண்டும். “வாரம் ஆயிரத்து முந்நூறுதானே, கட்டிறலாம்” என்று தோன்றும். 1300ஐ 52ஆல் பெருக்கினால் 67,600 ரூபாய். அதாவது 17,600 ரூபாய் வட்டி. நூற்றுக்கு முப்பத்தைந்து என்று கடன் கொடுப்பவர் சொல்வார்.

உண்மையில் அது முப்பத்தைந்து அல்ல. முதல் வாரத்திலிருந்தே நாம் திருப்பிக் கட்டத் தொடங்கிவிடுகிறோம். பாதி வருடம் போனபோது கடனில் பாதிக்கு மேல் நம் கையில் இல்லை. ஆனாலும் வட்டி முழு 50,000க்கும் போட்டபடியேதான் இருக்கிறது. நம் கையில் உண்மையாய் இருந்த காசுக்குக் கணக்குப் பார்த்தால் வருட வட்டி 60 சதவீதத்தைத் தாண்டும். இதைக் கட்டுவதற்கு இன்னொரு கடன், அதைக் கட்டுவதற்குத் தோடு அடகு என்று போனால், வீட்டில் சண்டையும் கூடவே வந்துவிடும்.

ஆகவே கடன் எடுக்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்ட வேண்டும்? ஒரு வாரம் வேலை இல்லாவிட்டால் எதைக் கொண்டு கட்டுவேன்? இந்தக் காசில் வாங்குவது எனக்கு வருமானம் தருமா, அல்லது செலவு வைக்குமா? ஒரு கறவைப் பசுவுக்கு எடுக்கும் கடனும், கல்யாண வீட்டுக்குப் புதுச் சேலை எடுக்க வாங்கும் கடனும் ஒன்றல்ல. பசு பாலைக் கொடுத்துத் தன் கடனைத் தானே கட்டும். சேலை கட்டாது.

தீபாவளி முற்பணமும் இப்படித்தான். அது கையில் கிடைக்கும்போது யாரோ தந்த காசு போல இருக்கும். அது நம்முடைய வருகிற மாதங்களின் சம்பளம். மாதாமாதம் கழிப்பார்கள். தீபாவளி ஒரு நாளில் முடிந்துவிடும், கழிவு மாதக்கணக்கில் நிற்கும். முற்பணத்தில் ஒரு பங்கை எடுத்துப் பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்துக்கு என்று ஒதுக்கி வைத்தால், ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்கும்போது யாரிடமும் கை நீட்ட வேண்டாம்.

நாலு டின் கணக்கு

எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிமார் பலர் கணக்கில் கெட்டிக்காரர்கள். அவர்கள் செய்த வேலை எளிது. சம்பளம் வந்ததும் காசைப் பிரித்துவிடுவார்கள். பழைய பிஸ்கட் டின், சுண்டுக் கோப்பை, சேலை முடிச்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு இடம். நாமும் செய்யலாம். நாலு டின் போதும்.

முதல் டின் சாப்பாட்டுக்கு. அரிசி, மா, பருப்பு, தேங்காய், எண்ணெய் எல்லாம் இதில்.
இரண்டாவது டின் பிள்ளைகளின் படிப்புக்கும் மருந்துக்கும்.
மூன்றாவது டின் கட்ட வேண்டியவற்றுக்கு. கடன், மின்சாரம், சங்கச் சந்தா, மரண உதவிச் சங்கம், கோயில் வரி.
நாலாவது டின் சேமிப்புக்கு. நூறு ரூபாயானாலும் போடுங்கள். முதலில் போடுங்கள், மிஞ்சினால் போடலாம் என்று நினைத்தால் ஒருபோதும் மிஞ்சாது.

நாலாவது டின்னில் கொஞ்சம் சேர்ந்ததும் அதை வீட்டில் வைக்காமல் வங்கியிலோ தபாற்கந்தோரில் தேசிய சேமிப்பு வங்கிப் புத்தகத்திலோ போட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் காசுக்குக் கால் முளைக்கும் என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை.

சிறு செலவையும் ஒரு தடவை கூட்டிப் பாருங்கள். நாளுக்கு 100 ரூபாய் வெற்றிலைக்கும் பீடிக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 36,500 ரூபாய். சாராயமோ கசிப்போ சேர்ந்தால் கணக்கு எங்கேயோ போய்விடும். 1927 நவம்பர் மாதம் காந்தியடிகள் இலங்கைக்கு வந்தபோது மலைநாட்டுக்கும் வந்தார். தோட்டத் தொழிலாளரைப் பார்த்து, குடியை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இன்று டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய 404 வீடுகள் இருக்கும் குடியிருப்புக்கு மகாத்மா காந்திபுரம் என்று பெயர். அந்த வீடுகள் 2018 ஆகஸ்ட் மாதம் கையளிக்கப்பட்டன. பெயர் வைத்தோம், நல்லது. அவர் சொன்ன சொல்லையும் வீட்டுக்குள் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

சம்பளச் சீட்டையும் ஒவ்வொரு மாதமும் படித்துப் பாருங்கள். எத்தனை பேர் விழுந்திருக்கிறது, எது அரைப்பேர், என்னென்ன கழிவு என்று பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு நம் சம்பளத்திலிருந்து குறைந்தது 8 சதவீதமும், நிர்வாகத்தின் பக்கமிருந்து 12 சதவீதமும் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிர்வாகம் தனியே 3 சதவீதம் போட வேண்டும். இது நம் முதுமைக்கான காசு. வாசிக்கத் தெரியாதவர்கள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் வீட்டு நிலைமை விளங்கும்.

அடுப்படியில் இருக்கும் செல்வம்

சிக்கனம் என்றதும் முதலில் சாப்பாட்டில் கைவைப்பவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு. வயிற்றைக் குறைத்துச் சேர்த்த காசு பிறகு மருந்துக்குப் போகும். மலையில் கூடையைச் சுமந்து ஏறி இறங்கும் உடம்புக்கு ரொட்டியும் சம்பலும் மட்டும் போதாது. செலவைக் கூட்டாமலே சாப்பாட்டை நல்லதாக்க முடியும்.

ரொட்டி மாவில் ஒரு பிடி கீரையை அரிந்து போட்டுப் பிசையுங்கள். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை, எது கிடைக்கிறதோ அது. கறிக்கு ஒரு பிடி நெத்தலி போடுங்கள். பருப்பு, கடலை, பயறு மாறி மாறிச் சமையுங்கள். வாரத்தில் சில நாளாவது பிள்ளைகளுக்கு முட்டை கொடுங்கள். கர்ப்பிணித் தாய்க்கும் சின்னப் பிள்ளைக்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷாவை வீட்டில் எல்லாரும் பங்கு போட்டுவிடாதீர்கள். அது அவர்களுக்கு உரியது.

தேத்தண்ணி விஷயத்தில் ஒரு சின்னப் பழக்கம். சாப்பாட்டோடு சேர்த்துச் சாயம் குடித்தால், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்புச் சத்து உடம்பில் சரியாய்ச் சேராது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு ஒரு துண்டு தேசிக்காயோ கொய்யாப்பழமோ எடுத்தால் இரும்புச் சத்து நன்றாய்ச் சேரும். இரத்தசோகையால் சோர்ந்து போகும் நம் பெண்களுக்கு இது காசு செலவில்லாத உதவி.

வீட்டைச் சுற்றி ஒரு பாத்தி போட இடமிருந்தால் விடாதீர்கள். கோவா, லீக்ஸ், போஞ்சி, கரட், ராபு எல்லாம் நம் குளிருக்கு வரும். இடமில்லாவிட்டால் பழைய உர பேக்கில் மண் போட்டு வைக்கலாம். மா கழுவின தண்ணியும் அடுப்புச் சாம்பலும் மாட்டெருவும் அதற்குப் போதும்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டோம். மாவுக்கும் அரிசிக்கும் விலை ஏறியது. ஆகஸ்ட் மாதம் 87 ரூபாய்க்கு இருந்த ஒரு லீட்டர் மண்ணெண்ணெய் ஒரே அடியாய் 340 ரூபாய் ஆனது. அந்த மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்தன. அந்த நாட்களில் வீட்டு முற்றத்தில் நாலு கீரைத்தண்டும் இரண்டு கோழியும் இருந்தவர்களுக்கு ஒரு வேளைக் கறிக்காவது வழி இருந்தது. பக்கத்துக் காம்பராவுக்கும் ஒரு கோப்பை கொடுக்க முடிந்தது. அப்படியொரு காலம் திரும்ப வராது என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

சேர்ந்தால் சுமை குறையும்

இங்கிலாந்தில் ரோச்டேல் என்ற ஊரில் 1844ஆம் ஆண்டு 28 பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள். அவர்களில் பலர் நெசவுத் தொழிலாளர்கள், நம்மைப் போலக் கூலிக்கு உழைத்தவர்கள். வாரத்துக்குச் சில பென்ஸ் என்று சேர்த்து ஆளுக்கு ஒரு பவுண் போட்டார்கள். மா, சீனி, பட்டர், ஓட்ஸ் மா, மெழுகுதிரி, இவ்வளவுதான் முதல் நாள் கடையில் இருந்தவை. கலப்படம் இல்லை, நிறை குறைவு இல்லை, கடனும் இல்லை. கைக்காசுக்குத்தான் விற்றார்கள். வந்த இலாபத்தை வாங்கினவர்களுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். உலகம் முழுதும் கூட்டுறவுச் சங்கங்கள் பின்பற்றியது அந்தச் சிறு கடையைத்தான். நம் நாட்டில் 1906ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கிவிட்டது. இன்றும் சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன.

இது நமக்குப் புதிது அல்ல. சீட்டுப் பிடிப்பது நம் பெண்களுக்குக் கைவந்த கலை. பன்னிரண்டு பேர் மாதம் 2000 ரூபாய் போட்டால், ஒவ்வொருவருக்கும் ஒரு தடவை 24,000 ரூபாய் வட்டியில்லாமல் மொத்தமாய்க் கிடைக்கும். ஆனால் சீட்டு நம்பிக்கையில் நிற்பது. நன்றாய்த் தெரிந்தவர்களோடு மட்டும் போடுங்கள். யார் எந்த மாதம் எடுப்பது என்று கொப்பியில் எழுதிக் கையெழுத்து வையுங்கள். பெரிய தொகைச் சீட்டுக்கு ஆசைப்பட்டுக் காசைத் தொலைத்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

சுமை ஒருவர் தலையில் விழலாமா?

இதை ஆண்கள் கொஞ்சம் பொறுமையாய் வாசிக்க வேண்டும். பல வீடுகளில் சிக்கனம் என்றால் அம்மா குறைத்துச் சாப்பிடுவது என்று ஆகிவிட்டது. அவர் விடிய முந்தி எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்து, பொழுது சாயத் திரும்பி வந்து மறுபடி அடுப்படியில் நிற்கிறார். எல்லாரும் சாப்பிட்டபின் சட்டியில் மிஞ்சியது அவருக்கு. ஒரு காலத்தில் மனைவியின் சம்பளத்தையும் கணவனே போய் வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் இருந்தது.

ஒருவர் மட்டும் குறைத்துக்கொள்ளும் வீட்டில் காசு மிஞ்சலாம், சந்தோசம் மிஞ்சாது. இரண்டு பேரும் உட்கார்ந்து ஒரே கொப்பியில் கணக்கு எழுதுங்கள். தண்ணி எடுப்பதும் விறகு பிளப்பதும் பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் ஆம்பிளை செய்தால் மரியாதை குறையாது. இரவுச் சாப்பாட்டை எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அப்போதுதான் யார் தட்டில் என்ன இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும்.

பிள்ளைகளிடமும் மறைக்க வேண்டாம். “காசில்ல, போ” என்று விரட்டினால் பிள்ளை மனதில் அது வெட்கமாய்த் தங்கிவிடும். “இந்த மாசம் முடியாதுப்பா, தைப்பொங்கலுக்கு வாங்குவோம், நீயும் உண்டியல்ல போடு” என்று சொல்லிப் பாருங்கள். சொன்னபடி தைக்கு வாங்கியும் கொடுங்கள். காத்திருந்து வாங்கின பொருளைப் பிள்ளை பத்திரமாய் வைத்துக்கொள்ளும். கடனுக்காகப் பிள்ளையின் படிப்பை நிறுத்தி கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ அனுப்புவது மட்டும் வேண்டாம். அந்தக் கடனைப் பிள்ளை ஆயுள் முழுதும் கட்டும்.

காசு கேட்காத சந்தோசங்கள்

நம் மலையில் காசு கேட்காத சந்தோசங்கள் நிறைய இருக்கின்றன. மழை விட்ட பின்னேரம் இஸ்தோப்பில் உட்கார்ந்து எல்லாரும் சேர்ந்து தேத்தண்ணி குடிப்பது ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டன்சினன் நீர்வீழ்ச்சிப் பக்கம் நடந்து போவது ஒன்று. மாசி மாதம் தப்புச் சத்தம் கேட்க ஊரே கூடிக் காமன் கூத்துப் பார்ப்பது ஒன்று. டிக்கெட் இல்லாமல் இரவெல்லாம் பார்க்கும் கூத்து வேறு எங்கே கிடைக்கும்? தாத்தா பாட்டியிடம் பழைய கதை கேட்பதற்கு ரீசார்ஜ் போட வேண்டியதில்லை.

வள்ளுவர் சொன்ன கருத்து ஒன்று உண்டு. வரும் வழி சிறிதாக இருந்தாலும் கெடுதி இல்லை, போகும் வழி அகலாமல் இருந்தால் சரி. நம் பாட்டிமார் அதையே கடனில்லாத கஞ்சி கால் வயிறு போதும் என்றார்கள். ராத்திரி கதவைத் தட்டும் சத்தம் கேட்டால், கடன்காரனோ என்று பயப்படாமல், சொந்தக்காரர் யாரோ வந்திருக்கிறார் என்று கதவைத் திறக்க முடிகிற வீடுதான் சந்தோசமான வீடு.

இந்த மாதம் தொடங்குவோம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. வருகிற சம்பள நாளில் இந்த ஐந்தை மட்டும் செய்து பாருங்கள்.

1. சம்பளச் சீட்டை வீட்டில் எல்லாரும் கேட்கச் சத்தமாய் வாசியுங்கள்.
2. நாலு டின்னில் காசைப் பிரியுங்கள். சேமிப்பு டின்னில் முதலில் போடுங்கள்.
3. கட்ட வேண்டிய கடன்களை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். வட்டி கூடியதை முதலில் முடிக்கப் பாருங்கள். அது முடியும் வரை புதுக்கடன் வேண்டாம்.
4. ஒரு பாத்தியோ ஒரு பேக்கோ, கீரை விதை போடுங்கள்.
5. இரவில் ஒரு நேரமாவது எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ஒரு வருடம் விடாமல் செய்த வீட்டில் என்ன மாற்றம் வந்தது என்று பக்கத்து வீட்டாருக்கும் சொல்லுங்கள். கொழுந்து ஒவ்வொரு கிள்ளாய்த்தான் கூடையில் விழுகிறது. பின்னேரம் நிறுக்கப் போகும்போதுதான் அது எத்தனை கிலோ என்று தெரியும். வீட்டுச் சேமிப்பும் அப்படித்தான்.